கஞ்சாச் செடிக்கு லைசென்ஸ் வரட்டும், வாங்கும் மண்டி எங்கே?



சித்தேரி மலைப் பக்கத்திலிருந்து சாமையும் புளியும் கொண்டுவந்து அரூரில் என் கடையில் போடும் விவசாயி ஒருவர், இருபது ஆண்டுப் பழக்கம், போன மாதம் வந்தபோது சரக்கை இறக்காமலேயே கைப்பேசியை என் முன்னால் நீட்டினார். கஞ்சாச் செடியைச் சட்டப்படியே பயிரிடலாம், விதை நாங்கள் தருகிறோம், விளைந்ததை நாங்களே வாங்கிக்கொள்கிறோம், முன்பணம் மட்டும் கட்டினால் போதும் என்று யாரோ ஒருவர் அதில் பேசிக்கொண்டிருந்தார்.

"மொதலாளி, வடக்கே கவர்மெண்டே லைசென்ஸ் தருதாமே. முன்பணத்தை நீங்க போடுங்க, வெள்ளாமையில கழிச்சுக்கலாம்" என்றார்.

முடியாது என்றேன். அவர் விடவில்லை. "அபினிச் செடியோட விதைதானே கசகசா? அதை மட்டும் டப்பாவுல வெச்சு விக்கிறீங்களே?"

நியாயமான கேள்வி. அன்று சரியாகப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. விசாரித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். இதே கோரிக்கையோடு நம்மில் வேறு பலர் கடைக்கும் ஆள் வரலாம்.

முதலில் சட்டம். 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி, அனுமதியில்லாமல் கஞ்சாச் செடி வளர்த்தால் 10 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இது பயிரிட்டவருக்கு. அந்தப் பயிருக்குப் பணம் போட்டவருக்கோ 27ஏ பிரிவின்படி குறைந்தபட்சமே 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு. விவசாயிக்கு எது உச்சவரம்போ, அதிலிருந்துதான் முன்பணம் கொடுத்தவருக்குத் தண்டனை தொடங்குகிறது. வெள்ளாமைக்குக் கைமாற்று கொடுப்பது நம் பக்கத்துக் கடைக்காரர்களுக்கு வழிவழியாக வந்த பழக்கம். அதனால் இந்த ஒரு வரியை ஒவ்வொருவரும் மனதில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

அதே சட்டத்தில் வாசலும் இருக்கிறது. 10ஆம் பிரிவின்படி மாநில அரசு லைசென்ஸ் கொடுத்து அனுமதிக்கலாம். நாருக்கும் விதைக்கும் மட்டும் வளர்ப்பதை அரசு அனுமதிக்க 14ஆம் பிரிவு இடம் தருகிறது. இந்த வாசலில் முதலில் நுழைந்தது உத்தரகண்ட் மாநிலம். 2018இல் அங்கே ஹெம்ப் பயிருக்கு லைசென்ஸ் கொடுத்தார்கள். (நம் வயலில் பசுந்தாளுக்கு விதைக்கும் சணப்பு வேறு. ஹெம்ப் என்பது கஞ்சாச் செடியிலேயே போதை குறைந்த இனம்.) இமாசலப் பிரதேசம் 2025 ஜனவரியில், பாலம்பூர், நௌனி ஆகிய இரண்டு இடத்துப் பல்கலைக்கழகங்கள் வழியாகச் சோதனை அளவில் பயிரிட்டுப் பார்க்க முடிவெடுத்தது. தமிழ்நாட்டில் இப்படியொரு லைசென்ஸ் முறையே கிடையாது. ஆகவே தருமபுரி மாவட்டத்தில் இன்று யாராவது விதையும் ஒப்பந்தப் பத்திரமும் நீட்டினால், பத்திரத்தைப் படித்துப் பார்க்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

ஆனால் இது நாளைக்கும் வராது என்று நான் சொல்ல மாட்டேன். நமக்கு இது புதிதும் அல்ல. பக்கத்து ஜவ்வாது மலையில் வெள்ளைக்காரன் காலத்தில் மலையாளிக் குடிகள் கஞ்சா பயிரிட்டிருக்கிறார்கள். 1893-94இல் அரசு அமைத்த ஹெம்ப் கமிஷன், சென்னை மாகாணத்தில் அந்தப் பயிர் விளைந்த இடங்களில் ஒன்றாக அந்த மலையைக் காட்டுகிறது. ஒரேயடியாகத் தடை செய்வது வேண்டாம், லைசென்ஸும் வரியும் போட்டுக் கட்டுப்படுத்தினால் போதும் என்பதே அந்தக் கமிஷனின் முடிவு. மலையில் செடி வளரும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. வளர்த்தவன் வீட்டில் உலை கொதிக்குமா என்பதுதான் கேள்வி.

அதற்குக் கசகசாவைப் பார்த்தால் போதும். நம் டப்பாவில் இருக்கும் கசகசா, துருக்கியிலிருந்து இறக்குமதியானது போக, மத்தியப் பிரதேசத்து நீமச், மந்த்சௌர், ராஜஸ்தானத்துச் சித்தோர்கட் பகுதிகளில் விளைந்தது. குவாலியரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய போதைப்பொருள் துறை ஆண்டுதோறும் லைசென்ஸ் தருகிறது. ஒருவருக்குக் கிடைக்கும் நிலம் பெரும்பாலும் 10 ஏர், அதாவது கால் ஏக்கர்தான். காயைக் கீறி எடுத்த பால் முழுவதையும் அரசுக்கே, அரசு வைத்த விலைக்கே கொடுத்தாக வேண்டும். நிர்ணயித்த அளவுக்குக் குறைந்தால் அடுத்த ஆண்டு லைசென்ஸ் கிடையாது. மழை பெய்து பயிர் கெட்டாலும் விவசாயிதான் முன்கூட்டியே மனு போட்டு, அதிகாரி முன்னிலையில் அழித்துக் காட்ட வேண்டும். இவ்வளவு கெடுபிடியிலும் அவர் தாக்குப்பிடிக்கக் காரணம், விதை மட்டும் அவருக்கே சொந்தம் என்பது. அதை நீமச் மண்டியில் பத்து வியாபாரி முன்னிலையில் ஏலம் போட்டு விற்கலாம். அந்த மண்டியும் நம்மைப் போன்ற மளிகைக்காரர்களும் இல்லாவிட்டால் லைசென்ஸை ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டத்தான் ஆகும்.

உத்தரகண்ட் விவசாயிக்கு இந்த இரண்டாவது கால் இன்னும் சரியாக முளைக்கவில்லை. போதைச் சத்தான டி.எச்.சி. 0.3 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. மலையில் தானாக முளைக்கும் நாட்டு இனமோ அந்த வரம்பைச் சர்வசாதாரணமாகத் தாண்டிவிடும். தாண்டினால் நிற்கும் பயிரை அழிக்க வேண்டியதுதான். வரம்புக்குள் நிற்கும் விதை எளிதில் கிடைப்பதில்லை. பாடுபட்டு வளர்த்துச் சாம்பிள் பார்த்த பிறகுதான் அது சரக்கா குப்பையா என்றே தெரியும். எந்த மளிகைக்காரனாவது இப்படியொரு சரக்கை நம்பிக் கடை வைப்பானா?

வெளிநாட்டுக் கதையும் இதே போக்குத்தான். தாய்லாந்தில் 2022 ஜூனில் தடையை நீக்கினார்கள். சிறு விவசாயிகள் வீட்டுக் கொல்லையில்கூட நட்டார்கள். எல்லோரும் நட்டதால் விலை சரிந்தது. 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு இருந்தால்தான் பூவை விற்கலாம் என்று விதி மாறிவிட்டது.

நம் மாவட்டத்திலேயே இரண்டு பாடம் இருக்கிறது. பாலக்கோடு தக்காளி விவசாயி, வரத்து அதிகமான நாளில் பறிகூலிக்குக் கட்டாமல் சாலையோரம் கொட்டிவிட்டுப் போவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பட்டுக்கூடு போடுகிறவர் அப்படிக் கொட்டுவதில்லை. தருமபுரியில் அரசு ஏல அங்காடி இருக்கிறது. காலையில் கூட்டைக் கொண்டுபோனால் நாலு பேர் கேட்பார்கள், விலை கண் முன்னால் நிற்கும். நல்ல நாளும் கெட்ட நாளும் அங்கேயும் உண்டு. ஆனால் வாங்க ஆளில்லை என்ற பேச்சு இல்லை.

"நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்" என்ற வார்த்தையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஈமு கோழிக் காலத்தில் நானும் ஒரு நிறுவனத்தில் பணம் கட்டினேன். குஞ்சு கொடுத்தார்கள், தீவனம் கொடுத்தார்கள், மாதப் பணமும் கொஞ்ச நாள் வந்தது. 2012இல் ஒவ்வொரு கம்பெனியாகக் கதவைச் சாத்தியபோது என் பணமும் போயிற்று. வாங்குகிறவன் ஒருவனே என்றால் அவன் சொன்னதுதான் விலை, அவன் ஓடினால் அதுவும் இல்லை. இதை அனுபவித்தவன் சொல்கிறேன்.

நம் சங்கம் அரசிடம் கேட்க வேண்டியது என் கருத்தில் இதுதான். என்றைக்காவது தமிழ்நாட்டில் ஹெம்புக்கு அனுமதி வருமானால், லைசென்ஸ் புத்தகம் அச்சடிப்பதற்கு முன்னால் வேளாண் பல்கலைக்கழகத்தின் சோதித்த விதை வரட்டும். மாவட்டத் தலைநகரிலேயே டி.எச்.சி. பார்க்கும் ஆய்வகமும், பட்டுக்கூட்டுக்கு இருப்பதுபோல் பொது ஏலமும் வரட்டும். இவை இல்லாமல் அனுமதி மட்டும் வந்தால் ஆதாயம் பெரிய கம்பெனிக்கு, அழிக்கும் செலவு மலை விவசாயிக்கு, வராத பாக்கி நமக்கு.

கடைக்காரர்களுக்கு இன்னொன்று. ஹெம்ப் விதை, விதை எண்ணெய், விதை மாவு ஆகியவற்றை 2021 நவம்பரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உணவுப் பொருளாக ஏற்றது. விதையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம், எண்ணெயில் 10 மில்லிகிராம் டி.எச்.சி.க்கு மேல் இருக்கக் கூடாது. உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் எண் அச்சிட்ட பாக்கெட்டாக, ஜி.எஸ்.டி. பில்லோடு வந்தால் வைக்கலாம். மூட்டையில் சில்லறையாகக் கொண்டுவந்து விலை குறைவு என்று யாராவது தந்தால் வாங்க வேண்டாம். வந்தவரின் பெயரையும் வண்டி எண்ணையும் குறித்துச் சங்க அலுவலகத்தில் சொல்லுங்கள்.