கொஞ்சம் முன்னாடியே மிதிச்சுக்கோ மச்சி

பைக்கை இரவல் கொடுக்கும்போது சாவியோட சேர்த்து நாம எல்லாரும் ஒரு குறிப்பும் கொடுப்போம். "செகண்ட் கியர் கொஞ்சம் டைட்டா விழும்." "பெட்ரோல் முள்ளை நம்பாத." "பிரேக் கொஞ்சம் முன்னாடியே மிதிச்சுக்கோ மச்சி, பழகிடும்." முதல் ரெண்டும் போகட்டும். மூணாவது குறிப்பைச் சொல்ல வேண்டிய நிலைமையில இருக்குற வண்டியை யாருக்கும் கொடுக்கவே கூடாது, நாமளும் ஓட்டக் கூடாதுங்கறது என் கட்சி. இதைச் சொல்ல நீ யாருன்னு கேட்டா, போன செமஸ்டர் அதே வார்த்தையைச் சொல்லி சாவியைக் கொடுத்தவன் நான்தான்.

அப்பா ஓட்டி முடிச்சு என் கைக்கு வந்த 2009 மாடல் 100 சிசி வண்டி அது. முன்னாடி, பின்னாடி ரெண்டும் டிரம் பிரேக். ரூம்மேட் ரெக்கார்டு பைண்டிங் பண்ண எடுத்துட்டுப் போனான். முன்னால போன ஷேர் ஆட்டோ ஆள் ஏத்த சட்டுனு நின்னிருக்கு. இவன் மிதிச்சிருக்கான், வண்டி போய்க்கிட்டே இருந்திருக்கு. வலது மணிக்கட்டுல பிளேட், ஆறு வாரம் கட்டு, செமஸ்டர் பரீட்சையை வேற ஒருத்தர் கையால எழுதினான். ஆஸ்பத்திரியில என்னைத் திட்டியிருந்தாகூடப் பரவாயில்லை. "நீ சொன்னடா, நான்தான் லேட்டா மிதிச்சிட்டேன்"னு சொன்னான். அவன் லேட்டா மிதிக்கலை. நல்ல வண்டியை எப்போ மிதிக்கணுமோ அப்போதான் மிதிச்சான்.

டயர் பஞ்சர் ஆனா உடனே தெரியும். பல்பு போனா தெரியும். பிரேக் ஷூ தேயறது அப்படித் தெரியாது. தினமும் கொஞ்சம் கொஞ்சமா தேயும், நம்ம காலும் தினமும் கொஞ்சம் அதிகமா அழுத்திப் பழகிக்கும். எனக்கு என் வண்டியோட பிரேக் கடைசி நாள் வரைக்கும் நல்லாத்தான் இருந்தது. புதுக் கால் ஒண்ணு அதை மிதிச்சப்போதான் உண்மை வெளியே வந்தது.

"நான்தான் அடிக்கடி டைட் பண்றேனே"ன்னு சொல்றவங்களுக்கு: பின் சக்கரத்துக்கிட்ட இருக்குற நட்டை ரெண்டு சுத்து திருகினா பெடல் கெட்டியாகும், மனசுக்கும் திருப்தியாகும். ஆனா அது பெடலோட வெட்டி ஆட்டத்தை மட்டும்தான் சரி பண்ணும். தேஞ்சு போன லைனிங் திரும்ப வளராது. பிரேக் கேம்ல மாட்டியிருக்குற கைப்பிடி மாதிரி துண்டுக்கிட்ட பெரும்பாலான வண்டிகள்ல ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும், பக்கத்துல பிளேட்டுல ஒரு கோடு இருக்கும். பிரேக்கை முழுசா அழுத்திப் பிடிக்கும்போது அம்பு அந்தக் கோட்டைத் தொட்டா ஷூ மாத்தற நேரம் வந்தாச்சு. ஸ்பேனர்கூட வேண்டாம், குனிஞ்சு பார்த்தா போதும். உள்ளே விரியற ஷூ பிரேக் கணக்கை 13 மார்க்குக்குப் போட்டவன் நான். லீடிங் ஷூ, டிரெய்லிங் ஷூ எல்லாம் மனப்பாடம். என் வண்டியிலயே ஒரு அம்புக்குறி இருக்குறதை விபத்துக்கு அப்புறம், மெக்கானிக் அண்ணன் விரலால தட்டிக் காட்டினப்போதான் பார்த்தேன்.

பின் டிரம்மைத் திறந்தா ஷூ தேஞ்சதோட இல்லாம கண்ணாடி மாதிரி பளபளன்னு ஆகியிருந்தது. கேம்ல கிரீஸ் சுத்தமா காய்ஞ்சு போச்சு. மிதிக்கிற பலத்துல ஒரு பங்கு அந்தக் கேமைத் திருப்பறதுக்கே செலவாயிருக்கு. முன் பிரேக் நிலைமை இன்னும் மோசம். கேபிள் துருப்பிடிச்சு இறுகிக் கிடந்தது, ஏன்னா நான் அதைத் தொட்டதே இல்லை. "முன் பிரேக் பிடிச்சா தூக்கி அடிச்சிடும்"னு வண்டி பழகின முதல் நாள் மாமா சொன்னது. நம்மள்ல பாதிப் பேருக்கு ஏதாவது ஒரு மாமா இதைச் சொல்லியிருப்பார். வளைவுலயும் மணல்லயும் சடார்னு பிடிச்சா மாமா சொல்றது நடக்கும்தான். ஆனா நேர் ரோட்டுல பிரேக் போட்டதும் எடை முன்னாடிதான் போகுது, பின் சக்கரம் லேசாகுது. அதை மட்டும் மிதிச்சா சீக்கிரம் லாக் ஆகி வழுக்கும். வண்டியை நிறுத்தறதுல பெரும் பங்கு முன் சக்கரத்தோடது. அதை நாம துருவுக்கு விட்டு வெச்சிருக்கோம்.

ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 50 கிலோமீட்டர்னா விநாடிக்கு கிட்டத்தட்ட 14 மீட்டர். ரெண்டு பிரேக்கும் நல்லா இருந்து விநாடிக்கு விநாடி 6 மீட்டர் வேகம் குறைஞ்சா, பிரேக் பிடிச்ச இடத்துலேர்ந்து 16 மீட்டர்ல வண்டி நிக்கும். பிரேக் பாதிப் பலத்துல இருந்தா 32 மீட்டர். அந்த வித்தியாசத்துக்குள்ள ஒரு டவுன் பஸ்ஸும் அது பின்னாடி ஒரு ஆட்டோவும் நிக்கும்.

2019 ஏப்ரல்ல புது வண்டிகளுக்கு 125 சிசி வரைக்கும் சிபிஎஸ், அதுக்கு மேல ஏபிஎஸ்னு கட்டாயமாக்கினாங்க. நம்ம ஷெட்டுல நிக்கிற அப்பா வண்டி, சித்தப்பா வண்டிகளுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. டிஸ்க் பிரேக்காரங்களும் ரொம்பச் சிரிக்க வேண்டாம். பிரேக் ஆயில் காத்துலேர்ந்து ஈரத்தை இழுத்துக்கும். புது டாட் 4 ஆயில் 230 டிகிரிக்கு மேலதான் கொதிக்கணும், ஈரம் சேரச் சேர அது 155 பக்கம் வரைக்கும் இறங்கலாம். சூட்டுல ஆயில் ஆவியானா லீவர் பஞ்சு மாதிரி அமுங்கும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும்னு மேனுவல்ல இருக்கும். அந்த மேனுவல் எங்கே இருக்குன்னு யாருக்குத் தெரியும்?

காசு இல்லைன்னு மட்டும் சொல்லாதீங்க. ரெண்டு ஜோடி ஷூ, முன் கேபிள், கூலி எல்லாம் சேர்த்து நான் கொடுத்தது 780 ரூபாய். அதுக்கு நாலு மாசம் முன்னாடி எல்ஈடி ஸ்ட்ரிப்புக்கும் டேங்க் ஸ்டிக்கருக்கும் 1,200 ரூபாய் கொடுத்திருக்கேன். ஓடற வண்டியை அழகாக்கக் காசு இருந்தது, நிறுத்தறதுக்கு இல்லை.

கேட்ல ஹெல்மெட் பார்க்கிறாங்க, லைசென்ஸ் பார்க்கிறாங்க, நல்லது. நிக்குமா நிக்காதான்னு யாரும் பார்க்கறதில்லை. இத்தனைக்கும் நம்மகிட்ட முழுசா ஒரு மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட்டே இருக்கு. செமஸ்டருக்கு ஒரு சனிக்கிழமை, ஷெட்டுலயே வெச்சு வண்டிக்கு ரெண்டு நிமிஷம் பார்த்தா போதும். டிபார்ட்மென்ட் அனுமதி வர்றப்போ வரட்டும், அதுவரைக்கும் சனிக்கிழமை காலையில 9 மணிக்கு நான் ஷெட்டுல இருப்பேன். ஸ்பேனர் என்னோடது. அம்புக்குறி பார்க்கலாம், கேபிள் பார்க்கலாம், பெடல் ஆட்டம் சரி பண்ணலாம். ஷூ மாத்தற வேலையை நான் தொட மாட்டேன், அது மெக்கானிக் அண்ணனோட வேலை. ரூம்மேட்டும் வர்றேன்னு சொல்லியிருக்கான், இடது கையால பேர் எழுதிக்கிறானாம்.