கிழங்கின் மேல் ஒரு வழக்கு

வயிற்றுக் கோளாறு என்று போகிறவர்களுக்கு இப்போதெல்லாம் அச்சடித்த பத்தியத் தாள் ஒன்று கிடைக்கிறது. அதில் 'விலக்க வேண்டியவை' என்ற தலைப்பின் கீழ் ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்: 'கிழங்கு வகைகள் அனைத்தும்'. மார்த்தாண்டத்தில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவனுக்குச் சிரிப்பு வராது. தஞ்சாவூர்க்காரனைக் கூப்பிட்டுச் சோற்றை விடு என்று சொன்னால் எப்படி இருக்கும்?

(வெளியூர்க்காரர்கள் மார்த்தாண்டத்தையும் நாஞ்சில் நாடு என்று சேர்த்துவிடுகிறார்கள். நெல் விளைந்த நாஞ்சில் நாடு தோவாளையும் அகஸ்தீஸ்வரமும். மேற்கே விளவங்கோட்டு மேட்டு நிலத்தில் மரச்சீனிதான்.) 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இதைப் பரப்பினார். 1942ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அரிசி வரத்து நின்றபோது, ஏழை வீட்டு அடுப்பில் வெந்தது இதுதான். ஆனால் வயிறு சரித்திரம் படிப்பதில்லை. ஆகவே வயிற்றின் கணக்கையே பார்ப்போம்.

என் உறவுக்காரப் பெண்மணி ஒருவருக்குக் கிடைத்த தாளைப் பார்த்தேன். மரச்சீனி கூடாது. ஜவ்வரிசிக் கஞ்சி உத்தமம். ஆரோரூட் பிஸ்கட் சாப்பிடலாம். நம் ஊர் ஜவ்வரிசி எதிலிருந்து வருகிறது, ஐயா? சேலத்து ஆலைகளில் இதே மரச்சீனியை அரைத்து, மாவைப் பிரித்து, உருட்டி வறுத்தது அல்லவா? ஆரோரூட்டும் கிழங்கு மாவே. மண்ணோடு சந்தையில் கிடந்தால் விஷம். வெள்ளை மணியாகப் பொட்டலத்தில் வந்தால் மருந்து!

மாவுப்பொருள் மேல் இந்தச் சந்தேகம் பழையது. 1924ல் அமெரிக்காவில் ஹாஸ் என்ற குழந்தை வைத்தியர், சீலியாக் நோய்க் குழந்தைகளுக்கு வாழைப்பழப் பத்தியம் வைத்தார்; பலர் தேறினார்கள். ரொட்டியோடு உருளைக்கிழங்கும் குற்றவாளியாயிற்று. ஹாலந்தில் 1944-45 பஞ்சத்தில் ரொட்டி அருகியபோது, அந்நோய்க் குழந்தைகள் தேறியதை டிக்கே என்ற வைத்தியர் கவனித்தார். அவரும் சகாக்களும் பின்னர் நிலைநாட்டியது, குற்றம் கோதுமையினுடையது என்பது. மரச்சீனியில் அந்தக் கோதுமைப் பசை கிடையாது. ஆனாலும் எலைன் காட்ஷால் எழுதிய நூல் மூலம் ஹாஸின் பத்தியம் வேறு குடல் நோய்களுக்கும் பரவியது. சிலருக்குக் குணம் தெரிந்திருக்கலாம். அதற்காக ஊருக்கெல்லாம் ஒரே தாளா? ஆஸ்திரேலியாவில் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் வகுத்த பத்தியம் கோதுமை, வெங்காயம், பூண்டை விலக்குகிறது, உருளைக்கிழங்கை அனுமதிக்கிறது. அதுவும் சில வாரங்களுக்குத்தான். பிறகு விட்டவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது. நம் தாள்களில் அந்தப் 'பிறகு' இல்லை. மூன்று மாதத்தில் அந்த அம்மாள் மெலிந்ததுதான் மிச்சம்.

மரச்சீனிக்கு நான் நற்சாட்சிப் பத்திரம் எழுதவில்லை. நூறு கிராமில் புரதம் ஒரு கிராமை ஒட்டித்தான்; அதனால்தான் பக்கத்தில் சாளைமீன் குழம்பு இருக்க வேண்டும். சர்க்கரை வியாதிக்காரர் அளவறிந்து தின்ன வேண்டும். அதில் சயனைடு தரும் நஞ்சும் உண்டு, கசப்பு வகையில் அதிகம். நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டுகிறாளே கிழவி, அது அந்த நஞ்சைக் குறைக்கிற வேலை. அதே கிழங்கை எண்ணெயில் பொரித்து உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவித் தின்றுவிட்டு வயிறு எரிகிறது என்றால், விசாரணை எண்ணெயிலிருந்து தொடங்கட்டும்.

எந்தக் கிழங்கு, எவ்வளவு, எப்படி வெந்தது, எத்தனை நாளைக்கு விலக்கு: இதையெல்லாம் எழுதத் தாளில் இடமில்லை என்பார்கள். நான் பார்த்த தாளில் கீழ்ப் பாதி காலியாகத்தான் கிடந்தது.