ஆள்பலம் உள்ளவருக்கு ஏற்கெனவே அப்பீல் உண்டு

பாகூர் பக்கத்து இளைஞர் மன்றம் ஒன்றின் பொங்கல் மலரில் நண்பர் ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கட்டுரை எழுதியிருக்கிறார். ஊர்க் கபடிப் போட்டிகளில் நடுவர் தீர்ப்பை எதிர்த்து முறையிட வழி வேண்டும் என்று சிலர் கேட்கத் தொடங்கியிருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. நடுவர் சொன்னால் சொன்னதுதானாம். அப்பீல் என்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த வழக்கமாம். குளிர்சாதன அறையில் உட்கார்ந்து பிரிட்ஜ் ஆடும் சீட்டுக்காரர்களுக்கு அது பொருந்தும், மண்ணில் புரளும் வீரனுக்குப் பொருந்தாதாம். அப்பீல் கொடுத்தால் இரண்டு ஊர் வெட்டிக்கொள்ளுமாம். இத்தனையும் சொல்லிவிட்டு, கடைசிப் பக்கத்தில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியக் கபடி அணி வாங்கிய தங்கத்தை நினைத்து மெய்சிலிர்க்கிறார்.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் அவர் சேர்த்துப் படித்திருக்கலாம்.

2023 அக்டோபர் 7. ஆடவர் இறுதிப் போட்டி, எதிரணி ஈரான். ஸ்கோர் 28-28, ஆட்டம் முடிய இரண்டு நிமிடம்கூட இல்லை. இந்தியாவின் பவன் செராவத், புள்ளி எடுக்காவிட்டால் அவுட் என்ற டூ ஆர் டை ரெய்டு போகிறார். யாரையும் தொடாமலே அவர் கால் களத்தின் ஓரப் பட்டையான லாபிக்குள் போய்விடுகிறது. அவரை மடக்க வந்த ஈரான் தடுப்பாட்டக்காரர்களும் பின்னாலேயே லாபிக்குள் இறங்கிவிடுகிறார்கள். பழைய விதிப்படி ரெய்டரும் அவுட், தொடுகை நடக்காமல் லாபிக்குள் வந்த தடுப்பாளர்களும் அவுட். புரோ கபடி லீக்கில் பழகிப்போன புதிய விதிப்படி ரெய்டர் மட்டும்தான் அவுட். நடுவர்கள் முதலில் ஆளுக்கு ஒரு புள்ளி என்றார்கள். இந்திய அணி விதியைச் சொல்லி முறையிட்டது. தீர்ப்பு மாறியது. ஈரான் கொதித்தது. மறுபடி மாறியது. வீரர்கள் களத்திலேயே உட்கார்ந்தார்கள். சுமார் ஒரு மணி நேரம் ஆட்டம் நின்றது. கடைசியில் இந்தியாவுக்கு நான்கு, ஈரானுக்கு ஒன்று. ஆட்டம் 33-29 என்று முடிந்தது.

நடுவர் முதலில் சொன்னதே வேதம் என்றால், நண்பர் மெய்சிலிர்த்த அந்தத் தங்கத்துக்கு உத்தரவாதமே இல்லை. ஆட்டம் 29-29 என்று தொடர்ந்திருக்கும், அதன்பின் யார் வென்றிருப்பார்களோ. தங்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அதை வாங்கித் தந்த முறையீட்டைக் கேவலம் என்று சொல்வது என்ன நியாயம்?

ஹாங்சோவில் நடந்தது அழகான காட்சி என்று நான் சொல்லவில்லை. அலங்கோலம்தான். ஆனால் அந்த அலங்கோலம் முறையீட்டால் வந்ததல்ல. எந்த விதிப்புத்தகம் செல்லும், முறையீட்டை யார் கேட்பது, எத்தனை நிமிடத்துக்குள் முடிப்பது என்ற ஒழுங்கு அந்தக் களத்தில் இல்லாமல் போனதால் வந்தது. வழி இல்லாத இடத்தில் தண்ணீர் கரையை உடைத்துக்கொண்டுதான் போகும். இது பாகூர் ஏரிப் பாசனத்தில் வளர்ந்தவருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். காணும் பொங்கல் சமயத்தில் வில்லியனூர், பாகூர் கொம்யூன் ஊர்களில் மின்னொளிக் கபடி பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆடவர் களம் பதின்மூன்று மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம், இரு பக்கமும் ஒரு மீட்டர் லாபி. சுண்ணாம்புப் பொடியில் கோடு போடுவார்கள். பத்து ரெய்டு முடிவதற்குள் லாபிக் கோடு மண்ணோடு மண்ணாகிவிடும். நான்கு பேர் ஒருவன்மேல் விழுந்து எழும்போது அவன் குதிகால் கோட்டுக்கு உள்ளே இருந்ததா வெளியே இருந்ததா என்று கடவுளுக்கே சந்தேகம் வரும். முறையான போட்டியென்றால் ஒரு நடுவர், இரண்டு அம்பயர்கள், கோட்டைப் பார்க்க ஆள், ஸ்கோர் எழுத ஆள் என்று ஒரு பட்டாளம் இருக்கும். ஊரில் பெரும்பாலும் விசிலோடு ஒருவர், கூடவே நோட்டுப் புத்தகத்தோடு ஒருவர். அவ்வளவுதான்.

அந்த ஒற்றை மனிதர் பார்த்ததை யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்பதில் ஓரளவு நியாயம் உண்டு. தொட்டானா தொடவில்லையா என்பது கண் பார்த்த விஷயம். வீடியோ இல்லாத ஊரில் அதை மறுபடி விசாரிக்க முடியாது. ஆனால் எந்த விதி செல்லும் என்பது கண் பார்த்த விஷயமா? போனஸ் புள்ளிக்கு எதிரணியில் ஆறு பேராவது களத்தில் இருக்க வேண்டும் என்பதை நடுவர் மறந்துவிட்டால், ஐந்து பேரை வைத்துக்கொண்டு அவர் தந்த போனஸும் வேதம்தானா? நண்பரின் கட்டுரை முழுக்க இந்த இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டியிருக்கிறது. கண் தவறினால் பொறுத்துக்கொள்ளலாம். விதியே தவறினால் ஏன் பொறுக்க வேண்டும்?

இந்த வேறுபாட்டை ஒழுங்காக யோசித்து எழுதிவைத்தவர்கள் அவர் இளக்காரம் செய்த அந்தச் சீட்டுக்காரர்கள்தான். அவர் பிரிட்ஜை மங்காத்தாவின் சித்தப்பா பிள்ளைபோல எழுதியிருக்கிறார். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் நம் கபடி ஆடவர் அணி அரையிறுதியில் ஈரானிடம் 18-27 என்று தோற்று வெண்கலத்தோடு திரும்பியது. அதே விளையாட்டில் அறுபது வயது பிரணாப் பர்தனும் ஐம்பத்தாறு வயது ஷிப்நாத் சர்க்காரும் பிரிட்ஜ் இணைப் போட்டியில் தங்கம் வாங்கினார்கள். சீட்டைச் சிரிப்பதற்கு முன் இதையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

பிரிட்ஜில் தகராறு எப்படி வருகிறது என்று பாருங்கள். நான்கு பேர், இரண்டு ஜோடி. ஏலம் நடக்கிறது. ஒருவர் தன் முறை வந்ததும் வழக்கத்தைவிட நீண்ட நேரம் யோசித்துவிட்டுப் பாஸ் சொல்கிறார். வாய் பாஸ் என்றாலும், கையில் ஏதோ இருக்கிறது என்று அந்த யோசனை கூட்டாளிக்குச் சொல்லிவிட்டது. கூட்டாளி அதைப் பிடித்துக்கொண்டு ஏலத்தை உயர்த்தினால் அது விதிமீறல். எதிர்ஜோடி போட்டி நடுவரான டைரக்டரைக் கூப்பிடும். அவர் கை நீட்டிச் சத்தம் போடுவதில்லை. அதே தரத்து ஆட்டக்காரர்கள் சிலரைத் தனியாக அழைத்து, தகராறு எதுவென்று சொல்லாமல், இந்தச் சீட்டுகள் உங்கள் கையில் இருந்தால் என்ன சொல்வீர்கள் என்று கேட்பார். அவர்களில் பலர் பாஸ்தான் சொல்வார்கள் என்றால், உயர்த்தியவரின் ஆதாயம் பறிக்கப்படும்.

அதோடு முடியவில்லை. தன் தீர்ப்பை மறுபரிசீலனை செய்ய இடமிருக்கிறது என்று டைரக்டருக்கே தோன்றினால், முறையிடும் உரிமை உங்களுக்கு உண்டு என்று ஆட்டக்காரரிடம் அவரே சொல்ல வேண்டும். இது பெருந்தன்மை அல்ல, விதிப்புத்தகத்தில் இருக்கும் கடமை. அதிகாரபூர்வ ஸ்கோர் வெளிவந்த அரை மணி நேரத்துக்குள் முறையிட வேண்டும், போட்டி நடத்துபவர் வேறு கெடு வைக்காத வரை. ஜோடியில் ஒருவர் மட்டும் கோபப்பட்டால் போதாது, இருவரும் ஒப்ப வேண்டும். அணிப் போட்டியில் கேப்டன் ஒப்ப வேண்டும். சும்மா வம்புக்கு முறையிட்டால் அபராதம் விதிக்கும் போட்டிகளும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று: டைரக்டரே தவறான தீர்ப்புத் தந்து ஆட்டம் சீர்செய்ய முடியாதபடி கெட்டுவிட்டால், அந்த ஆட்டத்துக்குப் புள்ளி போடும்போது இரண்டு தரப்பையும் தவறு செய்யாதவர்களாகவே கருத வேண்டும். நடுவர் பிழைக்கு வீரன் தண்டம் கட்டக் கூடாது என்பதைச் சீட்டாட்டக்காரன் சட்டமாக எழுதிவிட்டான். வீரவிளையாட்டு ஆடும் நாம் இன்னும் மாலையோடு விசிலைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

முறையீட்டைக் கேட்கும் குழுவுக்கும் அங்கே எல்லை உண்டு. டைரக்டரின் மதிப்பீட்டை அது மாற்றலாம். விதி என்ன சொல்கிறது என்பதில் தலைமை டைரக்டரை மீற முடியாது, மாற்றும்படி பரிந்துரைக்க மட்டும் முடியும். நடுவருக்கு மரியாதை போய்விடும் என்று அழும் நண்பர் இதைக் கவனிக்க வேண்டும்.

முறையீட்டால் சந்தேகத்துக்குரியவர்களும் தப்பிப்பார்கள் என்பது உண்மைதான். ஃபான்டோனி, நூன்ஸ் என்ற உலகத்தர ஜோடி சீட்டை வைக்கும் விதத்தாலேயே சைகை செய்ததாகச் சொல்லி ஐரோப்பிய பிரிட்ஜ் சங்கம் தடை போட்டது. 2018 ஜனவரியில் விளையாட்டுக்கான சர்வதேச நடுவர் மன்றம், நிரூபணம் போதாது என்று தடையை ரத்து செய்தது. பிரிட்ஜ் உலகில் பலருக்கு அது இன்றும் கசப்பு. அதற்காக யாரும் முறையீட்டையே ஒழித்துவிடவில்லை.

அப்பீல் வெள்ளைக்காரன் வழக்கம் என்கிற வாதத்தைப் புதுச்சேரிக்காரர் ஒருவர் எழுதியதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். இந்த மண்ணில் மேல்முறையீட்டுக்கு முன்னூறு வருட வரலாறு இருக்கிறது. 1716-ல் பிரெஞ்சு கவர்னர் எபேர், பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் தரகராக இருந்த நயினியப்பப் பிள்ளையைச் சிறைபிடித்து விசாரித்தார். குற்றம் சாட்டிய தரப்பும் தீர்ப்புச் சொன்ன தரப்பும் ஒரே மேசையில். பொது இடத்தில் ஐம்பது சாட்டையடி, மூன்று வருடச் சிறை, சொத்து பறிமுதல். 1717-ல் அவர் சிறையிலேயே இறந்தார். நடுவர் தீர்ப்பே இறுதியானது என்று அவர் பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. முறையீடு கடல் கடந்தது. மகன் குருவப்பா பாரிசுக்கே போனார். தீர்ப்பு புரட்டப்பட்டது, குருவப்பா செவாலியே பட்டத்தோடு ஊர் திரும்பினார். நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் உறவுக்காரர்கள் இவர்கள். பிற்காலப் பிரெஞ்சு ஆட்சியிலும் புதுச்சேரி வழக்குகள் பாரிசில் இருக்கும் கசாசியோன் நீதிமன்றம் வரை போயின. அந்த நீதிமன்றம் நடந்தது என்ன என்று மறுபடி விசாரிக்காது, சட்டம் சரியாகப் பயன்பட்டதா என்று மட்டும் பார்க்கும். கண் பார்த்ததையும் விதி சொல்வதையும் பிரித்துப் பார் என்று மேலே சொன்னேனே, அது நம் தாத்தாக்கள் ஸ்டாம்பு ஒட்டி அனுபவித்த வித்தை.

வெட்டுக்குத்து வரும் என்ற வாதத்துக்கு வருகிறேன். நண்பரிடம் இருப்பதில் கனமான வாதம் இது ஒன்றுதான். ஆனால் கேட்கிறேன்: இப்போது அப்பீல் இல்லை, சண்டை இல்லாமல் இருக்கிறதா? பாதி ஆட்டத்தில் அணி வெளியேறுவது, டியூப்லைட் உடைவது, கோப்பையை மேடையிலிருந்து இழுப்பது எல்லாம் அப்பீல் இல்லாத போட்டிகளில்தான் நடக்கின்றன. அப்பீல் இல்லை என்பதுகூட முழு உண்மையல்ல. தீர்ப்புப் பிடிக்காத அணிக்குப் பின்னால் இருபது பேர் இருந்தால் அவர்கள் களத்துக்குள் இறங்கி நடுவரைச் சூழ்ந்துகொள்வார்கள். மைக் பிடித்தவர் அண்ணே, அண்ணே என்று கெஞ்சுவார். இரண்டு நிமிடத்தில் ரீ-ரெய்டு என்று அறிவிப்பு வரும். அது அப்பீல் இல்லாமல் வேறென்ன? வேன் பிடித்து ஆள் கூட்டிவர முடியாத சின்ன ஊர்ப் பையன்களும் காலனிப் பையன்களும் மட்டும்தான் நடுவர் தீர்ப்பே இறுதியானது என்று போட்டி நோட்டீஸில் இருக்கும் வரியை உண்மையிலேயே ஏற்றுக்கொண்டு டெம்போ ஏறுகிறார்கள். நண்பர் காப்பாற்றத் துடிக்கும் மரபு இதுதான்.

நடுவருக்கும் இதில் பாதுகாப்பு இல்லை. பெரும்பாலும் அவர் ஓர் உடற்கல்வி ஆசிரியர் அல்லது பழைய ஆட்டக்காரர். ராத்திரி ஒரு மணிக்கு இருட்டில் தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு வீடு போகிறவர். எல்லாம் உங்கள் வாயில்தான் என்று சொல்லிவிட்டால், எல்லாக் கோபமும் அவர் தலையில்தான் விழும். முறையீட்டைக் கேட்க மூன்று பேர் இருந்தால் அந்தக் கோபத்தில் பாதி அவர்கள் பக்கம் போகும். அதே நோட்டீஸில் இன்னொரு வரியும் இருக்கும்: விழாக் குழுவின் முடிவே இறுதியானது. ஒரு தாளில் இரண்டு இறுதி. பிரச்சினை வந்தால் குழு நடுவரைக் காட்டும், நடுவர் குழுவைக் காட்டுவார். ஊர்ப் பெரியவர்கள் பேசித் தீர்ப்பார்கள் என்று நண்பர் ஓரிடத்தில் எழுதுகிறார். எந்த ஊரில், எந்தப் பெரியவர்கள்? போட்டியை நடத்தும் ஊரின் பெரியவர்கள்தானே. வெளியூரிலிருந்து வந்த அணி அவர்களிடம் என்ன நியாயம் கேட்கும்?

நேரம் வீணாகும் என்றும் சொல்லியிருக்கிறார். பரிசளிப்பில் புரவலர்களுக்குச் சால்வை போர்த்த முக்கால் மணி நேரம் செலவிடும் ஊர்களில் இந்த வாதத்துக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

முறையீட்டுக்கு வழி வேண்டும் என்கிற நாங்கள் கேட்பது இவ்வளவுதான். போட்டி தொடங்கும் முன் எந்த விதிப்புத்தகம் என்று மைக்கில் சொல்லுங்கள், லாபி விதியையும் போனஸ் விதியையும் படித்துக் காட்டுங்கள். கண்ணால் பார்த்த தீர்ப்பு நடுவருடையது, அதில் யாரும் கை வைக்கவில்லை. விதியில் தவறு என்றால் கேப்டன் ஒருவர் மட்டும், அடுத்த ரெய்டு தொடங்குவதற்குள், ஐந்நூறு ரூபாய் கட்டி முறையிடட்டும். ஆடும் இரண்டு ஊருக்கும் நடத்தும் ஊருக்கும் சம்பந்தமில்லாத மூன்று பழைய ஆட்டக்காரர்கள் ஐந்து நிமிடத்தில் முடிவு சொல்லட்டும். முறையீடு சரியென்றால் பணம் திரும்பும், வெறும் வம்பு என்றால் நடுவரின் அன்றைய சம்பளத்தோடு அந்த ஐந்நூறும் சேரும். இதில் எந்த வரி வீரத்துக்கு இழுக்கு என்று நண்பர் அடுத்த மலரில் எழுதட்டும்.