பாதிரியாரின் ஆமணக்கு

செல்சியஸ் என்றதும் நினைவுக்கு வருவது தெர்மாமீட்டர். அது ஆண்டர்ஸ் செல்சியஸின் புகழ். அவருடைய சித்தப்பா ஓலோஃப் செல்சியஸை (1670-1756) ஸ்வீடனுக்கு வெளியே அதிகம் பேர் அறியமாட்டார்கள். உப்சாலா பல்கலைக்கழகத்தில் முதலில் கிரேக்கம், பிறகு கீழை மொழிகள், கடைசியில் இறையியல் என்று மூன்று துறைகளில் பேராசிரியராக இருந்தவர். தேவாலயப் பொறுப்பும் வகித்தவர். நேரம் கிடைத்தால் செடி தேடிப் போய்விடுவார்.

1729-ம் ஆண்டு வசந்தத்தில் பல்கலைக்கழகத் தோட்டத்தில் ஒரு மாணவன் பூக்களைப் பார்த்துக் குறிப்பெழுதிக்கொண்டிருந்தான். பாதிரியார் கேட்ட செடிகளுக்கெல்லாம் பெயர் சொன்னான். காலணியின் ஓட்டையைக் காகிதம் வைத்து அடைத்துக்கொண்டு திரிந்த அந்த ஏழை மாணவன் கார்ல் லின்னேயஸ். செல்சியஸ் அவனுக்குத் தம் வீட்டில் இடமும் சாப்பாடும் கொடுத்தார், நூலகத்தையும் திறந்துவிட்டார்.

புத்தாண்டுக்குப் பேராசிரியர்களுக்கு மாணவர்கள் வாழ்த்துப் பா எழுதித் தருவது அங்கே வழக்கம். கவிதை வராத லின்னேயஸ், 1730 புத்தாண்டுக்குத் தாவரங்களின் திருமணம் பற்றி ஒரு சிறு உரைநடை நூல் எழுதிக் கொடுத்தார். மகரந்தமும் சூலகமும் மணமக்களாக வரும் நூலை ஓர் இறையியல் பேராசிரியர் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டது அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். கைப்பிரதி பலரிடம் போனது. படித்துப் பார்த்த பேராசிரியர் ருட்பெக், அந்த ஆண்டே லின்னேயஸைத் தோட்டத்தில் பாடம் சொல்ல வைத்தார்.

லின்னேயஸின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இத்தோடு செல்சியஸை வழியனுப்பிவிடுகிறார்கள். அது நியாயமில்லை. அவருடைய உண்மையான உழைப்பு 1745-லும் 1747-லும் இரண்டு பாகங்களாக லத்தீனில் வெளிவந்த 'ஹீரோபொட்டானிகான்'. பைபிளில் வரும் 126 தாவரங்கள் எவை என்று எபிரேயம், அரபு, கிரேக்கம் எல்லாவற்றையும் துழாவி எழுதிய நூல்.

யோனாவுக்கு நிழல் தந்த 'கிகாயோன்' என்ன செடி? பழைய லத்தீன் பைபிள் சுரைக்கொடி என்றது. ஜெரோம் அதை மாற்றி ஐவிக்கொடி என்று மொழிபெயர்த்தார். வட ஆப்பிரிக்காவின் ஓயா நகரில் அதை வாசித்தபோது சபையே கொந்தளித்தது. பிஷப் மந்தையை இழக்கும் நிலை வந்தது என்று 403-ல் அகஸ்டீன் ஜெரோமுக்குக் கடிதம் எழுதினார். லத்தீனில் அந்தச் செடிக்குப் பெயரே இல்லை என்பது ஜெரோமின் பதில். மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பழகிப்போன சமாதானம்!

செல்சியஸ் ஆமணக்கு என்ற கட்சியை எடுத்துக்கொண்டு விரிவாக வாதாடினார். எகிப்தியர் ஆமணக்கெண்ணெயைக் 'கிகி' என்றதாக ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். யூத நூல்களில் 'கிக்' எண்ணெய் வருகிறது. தமிழ் பைபிளில் யோனாவின் தலைக்கு மேல் முளைப்பதும் ஆமணக்குத்தான். 'அஹாலிம்' என்ற வாசனை மரத்துக்கும் செல்சியஸ் பல பக்கங்கள் ஒதுக்கினார். அந்த எபிரேயச் சொல்லைத் தமிழ் 'அகில்' உடன் சேர்த்துப் பார்த்தவர்களில், 1856-ல் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லும் ஒருவர்.

லின்னேயஸ் தம் புரவலரின் பெயரை ஒரு செடிப் பேரினத்துக்கு வைத்தார்: செல்சியா. மஞ்சள் பூப் பூக்கும் ஓர் இந்தியச் செடிக்குப் பின்னால் வந்தவர்கள் 'செல்சியா கோரமண்டலியானா' என்று சோழமண்டலக் கரையையும் சேர்த்துப் பெயரிட்டார்கள். இன்றைய தாவரவியலில் செல்சியா தனிப் பேரினமாக இல்லை, வெர்பாஸ்கத்தில் கலந்துவிட்டது.