அந்த நாளுக்கு முன் கேட்கவேண்டிய கேள்வி

"கல்லூரிச் சஞ்சிகையில் சினிமாவைப் பற்றியா?" என்று சிலர் முகம் சுளிக்கலாம். நான் சொல்லப்போவது பாட்டு, ஆட்டம், சண்டை எதுவுமே இல்லாத ஒரு படத்தைப் பற்றி. கடந்த விடுமுறையில், றொசல்லையில் மழை விடாது பெய்த ஓர் இரவில், சினிமா என்றாலே எழுந்து போய்விடும் என் வாப்பாவும் கடைசிவரை இருந்து பார்த்த படம் அது.

ஏவி.எம். தயாரிப்பில், வீணைக் கலைஞர் எஸ். பாலசந்தர் இயக்கிய கறுப்பு வெள்ளைப் படமான 'அந்த நாள்' 1954 ஏப்ரலில் வெளிவந்தது. 1943 ஒக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசிய காலமே கதையின் களம். அதற்கு முந்திய ஆண்டு ஏப்ரலில் கொழும்பும் திருகோணமலையும் ஜப்பானியக் குண்டுவீச்சுக்கு உள்ளாகியிருந்தன. ஆகவே அந்த அச்சம் நம் நாட்டுக்கும் புதிதல்ல.

ராஜன் என்ற வானொலிப் பொறியியலாளன் சுடப்பட்டு இறந்து கிடக்கிறான். விசாரணையில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். முடிவில் தெரிவது இரண்டு உண்மைகள்: அவன் எதிரிக்கு நாட்டின் இரகசியங்களை விற்றவன், அவன் உயிரைப் பறித்தது அவனை நேசித்த மனைவி உஷாவின் கையிலிருந்த துப்பாக்கி. ராஜனாகச் சிவாஜி கணேசனும் உஷாவாகப் பண்டரிபாயும் நடித்துள்ளனர்.

அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே ஹொலிவூட்டில் 'லிட்டில் சீசர்' (1931), 'ஸ்கார்ஃபேஸ்' (1932) போன்ற கொள்ளைக் கூட்டப் படங்கள் வந்துவிட்டன. குற்றவாளியைப் பெருமைப்படுத்துகிறது என்று தணிக்கையாளர்கள் எதிர்த்ததால், 'ஸ்கார்ஃபேஸ்' படத்தின் தலைப்போடு 'நாட்டின் அவமானம்' என்ற பொருள்படும் சொற்களையும் சேர்க்க வேண்டியதாயிற்று. அவர்களது பயம் நியாயமானதே. கடைசிக் காட்சியில் குற்றவாளி சாகிறான். ஆனால் பார்ப்பவர் மனதில் நிற்பது அவனுடைய உடுப்பும் காரும் நடையும்தான். இன்றைய தாதா படங்களிலும் இதே கதைதான்.

'அந்த நாள்' அப்படியல்ல. அது குற்றத்தைக் கூட்டத்தின் நடுவில் காட்டாமல் வீட்டுக்குள் காட்டுகிறது. ராஜன் படித்தவன், திறமைசாலி. தன் திறமையைத் தன் நாடு மதிக்கவில்லை என்ற கசப்பே அவனை விலைபோகச் செய்கிறது. அந்தக் கசப்பு நம் மலையக இளைஞர்களுக்கும் தெரியாததல்ல. நன்றாகப் படித்தும் தொழில் கிடைக்காத பிள்ளையின் கசப்பைத்தான் போதைப்பொருள் வியாபாரிகள் முதலில் மோப்பம் பிடிக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், வேலை தேடிக் கொழும்புக்குப் போன மகன் இரண்டே மாதத்தில் உம்மாவுக்குப் புதுத் தொலைபேசியும் தங்கைக்குத் தங்கச் சங்கிலியும் கொண்டுவந்தான். "ஏது மகன் இவ்வளவு காசு?" என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் அவன் மனம் நோகும் என்று நினைத்தார்கள். ஒருநாள் பொலிஸார் வந்து கதவைத் தட்டினார்கள். "அண்டைக்கே கேட்டிருந்தா..." என்பதுதான் அந்த உம்மா இன்றுவரை சொல்லி அழும் வார்த்தை.

உஷாவின் துப்பாக்கியை நான் நியாயப்படுத்தவில்லை. தண்டிப்பது சட்டத்தின் வேலை. அவளுக்கு உண்மை தெரியவந்தபோது காலம் கடந்திருந்தது. நமக்கு அப்படியல்ல, முதல் நாளிலேயே கேட்க வாயிருக்கிறது. பெற்றோரே ஆனாலும் நெருங்கிய உறவினரே ஆனாலும் நீதியின் பக்கமே நிற்கவேண்டும் என்று ஸூரதுந் நிஸா நமக்குக் கற்பிக்கிறது. அப்படி நிற்பது அன்புக்கு எதிரானதல்ல. ஒருவனை நரகத்தின் வாசலில் மறித்து நிற்பதைவிடப் பெரிய அன்பு ஏது?

பெற்றோரே, சினிமாவைத் தடுப்பதோடு உங்கள் கடமை முடிந்துவிடாது. பிள்ளைகள் கைத்தொலைபேசியில் எதைப் பார்க்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாமலே போகலாம். நல்லதொரு படத்தைத் தெரிந்து, அவர்களோடு இருந்து பாருங்கள், பிறகு பேசுங்கள். அன்றிரவு படம் முடிந்ததும் வாப்பா என்னிடம் கேட்டார்: "உஷாட இடத்தில நீ இருந்தா என்ன செய்வாய்?"

விடிய விடிய நாங்கள் பேசினோம். தோழியரே, உங்கள் வீட்டிலும் அந்தக் கேள்வி ஒருமுறை எழட்டும்.