சாம்பலும் எலும்பும் சேமித்த கதை

வேளாண்மை எங்கே பிறந்தது என்று கேட்டால் நம் மனம் ஆற்றங்கரைக்குத்தான் போகும். நைல், யூப்ரடீஸ், சிந்து என்று பள்ளிக்கூடத்தில் படித்த பழக்கம் அது. ஆனால் அந்த ஆற்றங்கரைகளில் நகரங்கள் எழுவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, இன்றைய ஈரானிலும் இராக்கிலும் நீண்டு கிடக்கும் ஸாக்ரோஸ் மலைப் பள்ளத்தாக்குகளில் மக்கள் மண்வீடு கட்டி, ஆடு வளர்த்து, பார்லி விதைத்துக் குடியிருந்தார்கள். காட்டு பார்லியும் காட்டுக் கோதுமையும் தாமாக விளைந்த சரிவுகள் அவை. காட்டாடும் காட்டுச் செம்மறியும் மேய்ந்த இடமும் அதுவே. விதை எங்கே இருந்ததோ அங்கேதான் முதல் வயலும் இருந்திருக்க வேண்டும் என்று கருதிய சிகாகோ பல்கலைக்கழகத்தின் ராபர்ட் பிரெய்ட்வுட், 1948இல் இராக்கின் குர்திஸ்தானில் ஜார்மோ என்ற மேட்டைத் தோண்டத் தொடங்கினார்.

பொன்னையோ சிலையையோ தேடி அவர் போகவில்லை. தாவரவியலாளர், விலங்கியலாளர், நிலவியலாளர் ஆகியோரை ஒரே குழுவில் சேர்த்துக்கொண்டார். அன்றைய அகழாய்வில் அது புதுவழி. 1958இல் இராக்கில் மன்னராட்சி கவிழ்ந்தது. அங்கே வேலையைத் தொடர வழியில்லாமல் ஈரானுக்குப் போனார், பிறகு துருக்கிக்கு. 1979 புரட்சியோடு ஈரானின் கதவும் சாத்தப்பட்டது. அடுத்து ஈரானுக்கும் இராக்குக்கும் இடையே எட்டாண்டுப் போர், அதன்பின் இராக்கின் அடுத்தடுத்த துயரங்கள். ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் வெளிநாட்டு ஆய்வாளர்கள் ஸாக்ரோஸ் பக்கமே போக முடியவில்லை. அந்த இடைவெளியில் சிரியாவிலும் இஸ்ரேலிலும் துருக்கியிலும் வேலை நடந்துகொண்டே இருந்தது. கிடைத்த சான்றுகளெல்லாம் மேற்கே இருந்தன என்பதால், வேளாண்மை மேற்கே தோன்றிக் கிழக்கே பரவியது என்ற சித்திரம் வலுப்பெற்றது. தொல்பழங்காலத்தின் வரைபடத்தில் விசா கிடைத்த இடங்களும் கிடைக்காத இடங்களும் பதிந்திருந்தன என்பதைப் பலர் நினைத்துப் பார்க்கவில்லை.

அந்தச் சித்திரத்தை மாற்றியதில் கஞ்ச் தரே என்ற சிறு மேட்டுக்குப் பெரும் பங்குண்டு. ஈரானின் கெர்மான்ஷா மாகாணத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1965இல் பிலிப் ஸ்மித் அதைக் கண்டறிந்து 1974 வரை சில பருவங்கள் தோண்டினார். அங்கே ஒரு பழைய அடுக்கு தீப்பற்றி எரிந்திருந்தது. அன்று அந்த வீட்டுக்காரர்களுக்கு அது பேரிழப்பாக இருந்திருக்கும். ஆனால் அந்தத் தீதான் பச்சை மண்கற்களைச் சுட்டு இன்றுவரை நிலைக்க வைத்தது. அந்தக் கிராமத்துக் கற்கள் சிலவற்றில் ஆட்டுக் குளம்பின் தடம் பதிந்திருக்கிறது. ஈரம் காயுமுன் ஏதோ ஓர் ஆடு அவற்றின்மேல் நடந்து போயிருக்கிறது. வேட்டையில் கொன்று தூக்கிவந்த ஆடு கல் காயப்போட்ட களத்தில் நடக்காது.

ஆனாலும் தடம் மட்டும் போதுமான சான்றல்ல. வீட்டு ஆடு காட்டாட்டைவிட உருவில் சிறுத்திருக்கும், எலும்பின் அளவைப் பார்த்தால் போதும் என்றே வெகுகாலம் நம்பினார்கள். கஞ்ச் தரே எலும்புகளை 1970களில் ஆராய்ந்த பிரையன் ஹெஸ், அளவை விட்டுவிட்டு ஆடுகள் எந்த வயதில் செத்தன என்று பார்த்தார். பிறகு மெலிண்டா ஜீடரும் அவரும் சேர்ந்து அதே எலும்புகளை ஆணா பெண்ணா என்று பிரித்து, நேரடியாகக் காலம் கணித்து, 2000இல் முடிவை வெளியிட்டார்கள். கிடாய்கள் இளவயதிலேயே அறுக்கப்பட்டிருந்தன; பெட்டைகள் வளர்ந்து ஈன்று வயதான பிறகே கொல்லப்பட்டிருந்தன. ஆடு வளர்க்கும் எந்த வீட்டிலும் இன்றும் உள்ள கணக்கு இது: கிடாயை விற்பார்கள் அல்லது அறுப்பார்கள், பெட்டையைப் பட்டியில் விடுவார்கள். சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் அந்த மலைக்காரர்கள் இதே கணக்கைப் போட்டிருக்கிறார்கள், அதுவும் ஆடுகளின் உருவம் சிறுக்கத் தொடங்கும் முன்பே. 2021இல் வெளியான மரபணு ஆய்வும் அவை வளர்ப்பு ஆடுகளின் வழியைச் சேர்ந்தவை என்றே சொன்னது. தோண்டி முடித்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, பெட்டியில் கிடந்த எலும்பிலிருந்து வந்த செய்தி அது.

தானியத்தின் கதை இன்னும் நுட்பமானது. மலையடிவாரத்து தேஹ் லுரான் சமவெளியில் அலி கோஷ் மேட்டைத் தோண்டிய பிராங்க் ஹோலும் கென்ட் பிளானரியும், 1961 பருவம் முடிந்ததும் தாவர எச்சங்கள் அங்கே அரிது என்று எழுதினார்கள். 1963இல் மண்ணைத் தண்ணீரில் கரைத்து, மிதந்து வரும் கரித்துகள்களை வடித்தெடுத்தார்கள். 40,000க்கும் மேற்பட்ட விதைகள் கிடைத்தன! மேடு முழுக்க விதையாக இருந்திருக்கிறது. அதைக் காணும் வழிதான் அதுவரை அவர்கள் கையில் இல்லை. அந்த இருவரும் இதை ஒளிக்காமல் அச்சில் ஒப்புக்கொண்டதை நான் மிகவும் மதிக்கிறேன்.

அப்படி வடித்தெடுத்த கரித்துகளில் கதிர்த்தண்டின் கணு ஒன்று அகப்பட்டால் உருப்பெருக்கியின் கீழே வைத்துப் பார்ப்பார்கள். காட்டுக் கதிர் முற்றியதும் தானே உதிரும். பிரிந்த இடம் வழவழப்பாக இருக்கும். பயிர்க்கதிர் உதிராமல் காத்திருக்கும், களத்தில் அடித்துத்தான் பிரிக்க வேண்டும். பிய்ந்த இடம் சொரசொரப்பாக இருக்கும். ஈரானின் சோகா கோலானில் 2009, 2010 பருவங்களில் சேகரித்தவற்றை சிமோன் ரீல் குழுவினர் இப்படி அடுக்கடுக்காகப் பார்த்து 2013இல் வெளியிட்டார்கள். சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன்பு காட்டு பார்லி போன்றவற்றைப் பேணத் தொடங்கியதிலிருந்து, சுமார் 9,800 ஆண்டுகளுக்கு முன்பு உதிராத எம்மர் கோதுமை தோன்றும் வரை, இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் நீண்ட மாற்றம் அங்கே தெரிந்தது. எந்த ஒரு தலைமுறையும் தான் புரட்சி செய்வதாக எண்ணியிருக்காது. 2016இல் கஞ்ச் தரே முதலிய இடங்களின் மனித எலும்புகளில் எடுத்த மரபணுவும், ஸாக்ரோஸ் உழவர்கள் மேற்கே துருக்கியின் அனத்தோலியா உழவர்களிடமிருந்து வெகுவாக வேறுபட்ட மக்கள் என்று காட்டியது. மேற்கிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்து இறக்கிய தொழிலல்ல அது.

இத்தனையும் நமக்குத் தெரியவந்தது, யாரோ ஒருவர் சாம்பலையும் உடைந்த எலும்பையும் வீசி எறியாமல் எண்ணிட்டு வைத்ததால். ஒரு குழியை ஒருமுறைதான் தோண்ட முடியும். அகழாய்வுக்குப் பணம் ஒதுக்கும் அரசுகள், கிடைத்ததைக் காக்கும் கிடங்குக்கும் எண்ணிடும் ஊழியருக்கும் கையைச் சுருக்கிக்கொள்கின்றன. அடுத்த தலைமுறையின் கேள்விக்கு விடை அந்தக் கிடங்கில்தான் கிடக்கிறது. மேட்டில் ஒரு பகுதியைத் தோண்டாமல் விட்டுவைப்பதும் அதே அளவு முக்கியம். ஆனால் எல்லா மேடுகளும் காத்திருக்கப்போவதில்லை. சைமரே அணை நிரம்புமுன் ஈரானிய ஆய்வாளர்கள் கிழக்கு சியா சப்ஸ் என்ற புதிய கற்கால மேட்டில் அவசர அகழாய்வு செய்தார்கள். இனி அங்கே யாரும் திரும்பிப் போக முடியாது. ஜார்மோவுக்கு அந்த வாய்ப்பு இருந்தது. பிரெய்ட்வுட்டின் காலத்தில் மண்ணை மிதக்கவிட்டு விதை எடுக்கும் முறை அங்கே இல்லை. 2012இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வாளர்கள் அவருடைய பழைய குழியின் ஓரத்தைத் திறந்து, அவர் விட்டுப்போன மண்ணிலிருந்து கருகிய விதைகளை எடுக்கத் தொடங்கினார்கள்.