நெட்வொர்க் கேபிளில் மின்சாரம்: கிராமப் பள்ளிக்கு ஆகாதா?

கணினிக்குத் தகவல் கொண்டுவரும் ஈத்தர்நெட் கேபிளிலேயே மின்சாரத்தையும் அனுப்பும் முறைக்கு பி.ஓ.இ. என்று பெயர். சிசிடிவி கேமராக்கள் பல இப்படித்தான் ஓடுகின்றன. கேமராவுக்குச் சரி, கிராமப் பள்ளியின் கணினி அறைக்கு ஒத்துவராது என்பது பரவலான எண்ணம். விருதுநகர் மாவட்டப் பள்ளிகளை மனதில் வைத்துப் பார்த்தால், அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் பாதிக்கு மேல் நிற்கவில்லை.

மெல்லிய கம்பி கணினியைத் தாங்காது என்கிறார்கள். 2003-இல் வந்த தரம் ஓர் இணைப்புக்கு 15.4 வாட் கொடுத்தது, 2009-இல் அது 30 வாட் ஆனது, 2018-இல் 90. முப்பது வாட்டில் 100 மீட்டர் கேபிளைக் கடந்து 25.5 வாட் கைக்கு வரும். ராஸ்பெர்ரி பை 4 போன்ற சிறு கணினிக்கு ஏழு வாட், சிறிய எல்.இ.டி. திரைக்குப் பதினைந்து. இரண்டும் அதற்குள் அடங்கும். வகுப்பறைக்குள் ஓடும் பத்துப் பன்னிரண்டு மீட்டரில் இழப்பு அரை வாட்டைச் சுற்றித்தான்.

தீப்பிடிக்கும் என்ற அச்சம் சிவகாசியில் இயல்பானது. பட்டாசு அறைக்குள் நுழையுமுன் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பின் நிலைமின்சாரத்தை இறக்கும் ஊர் அது. ஆனால் இந்தக் கேபிளில் ஓடுவது 57 வோல்ட்டைத் தாண்டாத டி.சி. மின்சாரம். மறுமுனையில் 25 கிலோ ஓம் மின்தடை இருக்கிறதா என்று, கேபிளுக்கு மின்சாரம் தரும் நெட்வொர்க் சுவிட்ச் முதலில் சிறு மின்னழுத்தம் அனுப்பிச் சோதிக்கும். இருந்தால்தான் முழு மின்சாரம். கேபிளைப் பிடுங்கினால் அரை நொடிக்குள் நின்றுவிடும். தளர்ந்த பிளக்கோடு 230 வோல்ட்டில் பொறி பறக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு இந்த அறிவு கிடையாது. உண்மையான ஆபத்து, அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவு கேபிளில் இருக்கிறது: தடை அதிகம், சூடேறும். டெண்டரிலேயே முழுச் செம்பு என்று எழுதிவிட வேண்டும். இரு கட்டடங்களுக்கு இடையே செம்புக் கேபிள் இழுப்பதும் தவறு; இடி மின்னலுக்கு அஞ்சி அங்கே கண்ணாடி இழைதான் போட வேண்டும். இவ்வளவும் வகுப்பறைக்கு மட்டும். பட்டாசு மருந்து கலக்கும் அறைக்கு வெடிபொருள் விதிகள் தனி.

கரண்ட்தான் எல்லா ஊரிலும் இருக்கிறதே என்ற வாதம் மேலோட்டமானது. தமிழக அரசு 6,029 பள்ளிகளில் ஹைடெக் லேப் என்னும் கணினி அறைகளை அமைத்தது. கரண்ட் போனால் வகுப்பு எவ்வளவு நேரம் தொடரும் என்பதே அத்தகைய அறைக்கான கேள்வி. இருபது மேசைக் கணினிகள், திரைகளோடு, சுமார் 2,000 வாட் இழுக்கும். பி.ஓ.இ. முறையில் இருபது இருக்கைக்குச் சுவிட்சின் இழப்பும் சேர்த்து 600. நான்கு 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரிகளைத் தொடராக இணைத்துப் பாதி மட்டும் பயன்படுத்தினால் 2.4 யூனிட் கிடைக்கும். முதல் அறை இன்வெர்ட்டரோடு ஒரு மணி நேரம் ஓடும், இரண்டாவது அறை நான்கு மணி நேரம். அந்த 2,000 வாட்டும் கடைசியில் வெப்பமாக அறைக்குள்ளேயே தங்குகிறது. தீப்பெட்டித் தொழிலுக்குத் தோதான விருதுநகர் மாவட்டத்தின் வறண்ட வெயில் பங்குனி மாத வகுப்புக்குத் தோதானதல்ல. கூரையில் சோலார் தகடு வைத்தால் டி.சி.யை ஏ.சி.யாக்கி மறுபடி டி.சி.யாக்கும் வீண்வேலையும் மிச்சம். சென்னை ஐ.ஐ.டி. இதற்காகத்தான் 48 வோல்ட் டி.சி.யை வலியுறுத்தி வந்தது. ஒரு சிக்கல் உண்டு: 30 வாட் தரத்துக்குக் குறைந்தது 50 வோல்ட் வேண்டும், ஆகவே பேட்டரிக்கும் சுவிட்சுக்கும் நடுவே மின்னழுத்தத்தை ஏற்றும் சுற்று தேவை.

செலவு பற்றிய வாதத்தில் பாதி உண்மை. பி.ஓ.இ. சுவிட்ச் சாதாரண சுவிட்சைவிட விலை கூடியது. அது பழுதானால் அறையே படுத்துவிடும் என்பதால் பத்து இருக்கைக்கு ஒன்றாக இரண்டு வாங்குவது நல்லது. புதிய அறையில் மேசைதோறும் பிளக் பாயின்டும் பெரிய இன்வெர்ட்டரும் வேண்டாம் என்பதால் ஓரளவு சரிக்கட்டும். வயரிங்கும் யூ.பி.எஸ்.ஸும் ஏற்கெனவே ஒழுங்காக உள்ள அறையைப் பிரித்து மாற்றுவது வீண்.

சிறு கணினி விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்குவோர் பாடத்திட்டத்தைப் பார்க்கலாம். பதினொன்றாம் வகுப்பின் சி++, பன்னிரண்டாம் வகுப்பின் பைத்தான் இரண்டும் அதில் தடையின்றி ஓடும். ஓடாதவை ஃபோட்டோஷாப்பும் கோரல் டிராவும். சிவகாசி ஆஃப்செட் அச்சகங்களின் வடிவமைப்பு வேலைக்கு மாணவர்களைத் தயார்செய்ய நினைக்கும் பள்ளி, இரண்டு மூன்று மேசைக் கணினிகளை வழக்கமான பிளக் பாயின்டில் தனியே வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.